பனியில் காணாமல் போன பழுப்புப் படை: ஒரு நின்டெண்டோ 64 நிகழ்வு ஆய்வு

புகார்

மேசைக்கு வந்தது டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுக் கருவி, அமெரிக்கச் சந்தைக்குத் தயாரான நின்டெண்டோ 64. கூடவே இரண்டு கன்ட்ரோலர், நம் 230 வோல்ட்டை அமெரிக்காவின் 120 ஆக இறக்கும் கனமான ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர், ஒரே ஒரு கேசட். கேசட்டில் இருந்த விளையாட்டு 'ஆர்மி மென்: சார்ஜஸ் ஹீரோஸ்'. 3டிஓ நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. பொம்மைக்கடை பிளாஸ்டிக் சிப்பாய்கள் தங்களுக்குள் நடத்தும் போர்தான் கதை. கேமரா வீரனின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். நாம் அவனை நடத்திப் போய்ச் சுட வேண்டும்.

கொண்டுவந்தவர்கள் வில்பட்டியைச் சேர்ந்த ஒரு பாட்டியும் ஏழாம் வகுப்பு படிக்கும் அவர் பேரனும். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் என் ரிப்பேர் கடை. மிக்சி, டிவி, செட்டாப் பாக்ஸ்தான் அன்றாட வேலை. பழைய விளையாட்டுக் கருவிகளையும் பார்ப்பேன் என்று யாரோ சொல்லித் தேடி வந்திருந்தார்கள்.

கருவியைத் திறப்பதற்கு முன்னால் குறையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்வது என் பழக்கம். பையன் சொன்னது இது: "சார்ஜ் ஓடவே மாட்டேங்கிறாருண்ணே. நடந்துக்கிட்டே இருக்காரு. சில நேரம் நான் தொடாமலே ஒரு பக்கமா சுத்துறாரு. அப்புறம், யாரு நம்ம ஆளு, யாரு எதிரின்னே தெரியல. பனி லெவல் வந்தா எங்க இருந்து சுடுறாய்ங்கன்னே தெரியாம செத்துருவோம்."

பாட்டி சேர்த்தது: "கேசட்டு கெட்டுப்போச்சுன்னா சொல்லிருங்க தம்பி, தூக்கிப் போட்ருவோம். புள்ளைக ரெண்டும் இத வச்சு அடிச்சுக்குதுக."

இதற்கு முன் கீழே சமவெளியில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். அங்கே கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மெஷின் நன்றாக இருக்கிறது, கேம்தான் மட்டம், வேறு கேசட் வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் அந்தத் தீர்ப்புதான். பழைய விளையாட்டு ஒன்றை மட்டம் என்று சொல்வதற்கு முன், அதன் மேல் படிந்திருக்கும் மற்றவற்றின் குறைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். டிவியின் குறை, கம்பியின் குறை, தேய்ந்த பிளாஸ்டிக்கின் குறை எல்லாம் திரையில் ஒரே இடத்தில்தான் தெரியும். விளையாடுபவர் அத்தனையையும் விளையாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவார். இந்தப் பையன் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை 'சார்ஜஸ் ஹீரோஸ்' செய்தவை அல்ல.

கருவி மலைக்கு வந்த வழி

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் ஒரு அமெரிக்கப் பள்ளியும் தொடங்கியது. அதனால் இந்த ஊரில் அமெரிக்க வீட்டுச் சாமான்கள் புதிதல்ல. ஊரைக் காலிசெய்துகொண்டு போகிறவர்கள் விட்டுச்செல்லும் 120 வோல்ட் டோஸ்டரும் மேசை விளக்கும் இன்றைக்கும் என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன.

பாட்டி பல வருடங்கள் ஒரு அமெரிக்க ஆசிரியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பம் ஊர் திரும்பியபோது பிள்ளைகளின் டிரங்குப் பெட்டியை அப்படியே பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதில் இருந்ததுதான் இந்த நின்டெண்டோ. வெகுநாள் பரணில் கிடந்தது. ஒரு மழைக்கால லீவில் பேரப்பிள்ளைகள் கண்டெடுத்தார்கள். பெட்டியிலேயே ஒரு சின்ன நோட்டும் இருந்தது. அந்த அமெரிக்கப் பிள்ளைகள் ஒவ்வொரு லெவலுக்கும் உரிய பாஸ்வேர்டை அதில் எழுதிவைத்திருந்தார்கள். பின்னால் என் வேலைக்கு மிகவும் உதவியது அந்த நோட்டுதான்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம்

இதைச் சொல்லாமல் பையனின் இரண்டாவது குறை புரியாது.

பச்சைப் படைக்கும் டான் படைக்கும் போர். டான் என்பது நம் கண்ணுக்கு இளம்பழுப்பு, கிட்டத்தட்டக் காக்கி. பச்சைப் படையின் நாயகன் சார்ஜ். மேலதிகாரி கர்னல் கிரிம். அவர் மகள் விக்கி. எதிரித் தளபதி பிளாஸ்ட்ரோ. சார்ஜின் கூட்டாளிகளான ரிஃப், ஹூவர், திக், ஷ்ராப், ஸ்கார்ச் ஆகியோர் எதிரியிடம் மாட்டிக்கொள்கிறார்கள்; அவர்களை மீட்கப் போவதுதான் பல லெவல்கள். சாதாரணக் காடும் கோட்டையும் ஒருபுறம். அவற்றுக்கு நடுவே பொம்மை உலகத்திலிருந்து மனித உலகத்துக்குத் திறக்கும் வாசல்கள். அதன் வழியாகப் போனால் சார்ஜ் ஒரு குளியலறையில் நிற்பார், சமையலறையில் நிற்பார், வரவேற்பறையில் நிற்பார். விரல் உயரச் சிப்பாய்க்கு ஒரு சமையல் மேடை மலைபோலத் தெரியும் அல்லவா, அந்த உணர்வை இந்த விளையாட்டு உண்மையாகவே கொடுக்கிறது. நெருப்பு பட்டால் சிப்பாய் உருகுவான். பிளாஸ்டிக் என்பதை ஒரு நிமிடமும் மறக்கவிடாது.

இந்தச் சிப்பாய்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் பெர்கன் டாய் அண்டு நாவல்டி என்ற நிறுவனம் 1938-இல் பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகளைச் செய்ய ஆரம்பித்தது. அதற்கு முன் ஈயத்தில் வார்த்தவைதான் அதிகம். பிளாஸ்டிக் மலிவு, அதனால் பை நிறைய விற்க முடிந்தது. ஒரே அச்சில் இரண்டு நிறத்தில் ஊற்றினால் இரண்டு படை தயார். முகம், உடுப்பு, துப்பாக்கி எதிலும் பெரிய வேறுபாடு கிடையாது. நிறம் ஒன்றுதான் கட்சி. 2014-இல் அமெரிக்காவின் தேசிய பொம்மைப் புகழரங்கில் இந்தப் பச்சைச் சிப்பாய்களைச் சேர்த்தார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் பாக்கெட்டில் தொங்கிய சரக்குதான். வாங்கி விளையாடியவர்களுக்கு நிறத்தை வைத்துக் கட்சி பிரித்தது நினைவிருக்கும்.

ஆக, நிறம் தெரியாவிட்டால் இந்த விளையாட்டே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் பார்த்தது

முதலில் மின்சாரம். நின்டெண்டோ 64-இன் அடாப்டர் தனி வயரில் தொங்காது. செங்கல் மாதிரி நேராகக் கருவியின் முதுகில் செருகிக்கொள்ளும். அமெரிக்க அடாப்டரின் அடியில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கும். வெளியே தருவது 3.3 வோல்ட்டில் 2.7 ஆம்பியர், 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 20 வாட்டுக்கும் குறைவு. சின்ன டிரான்ஸ்பார்மரே தாராளம்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 120 வோல்ட் ஏசியின் உச்சம் ஏறக்குறைய 170 வோல்ட். நம் 230-இன் உச்சம் 325. அமெரிக்க அடாப்டரின் உள்ளே முதலில் நிற்கும் கெப்பாசிட்டர் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டது அல்ல. நேராகச் செருகினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இப்போது வரும் மல்டிபிளக் எக்ஸ்டென்ஷன் போர்டுகளில் அமெரிக்கத் தட்டைப் பின்னும் நுழைந்துவிடுகிறது என்பதால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். இந்த வீட்டில் நடக்கவில்லை. காரணம், பாட்டி. அந்தத் துரை வீட்டில் வேலைபார்த்த காலத்திலேயே அந்தக் கனமான பெட்டி இல்லாமல் எதையும் செருகக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்தேன், சரியாக இருந்தது. அடாப்டரின் இரண்டு வோல்டேஜும் சரி.

அடுத்து இணைப்புகள். கொடைக்கானல் ஈரத்தில் பரணில் கிடந்த எதுவும் பூஞ்சையும் கறையும் இல்லாமல் வராது. கேசட்டின் செப்புப் பட்டைகள் மங்கிப் போயிருந்தன. பையன் எல்லாரையும் போல வாயால் ஊதித்தான் போட்டிருக்கிறான். ஊதும்போது தூசியோடு எச்சில் ஈரமும் போய் உட்காரும். நாளடைவில் அது கறையைக் கூட்டும். கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி பிட் வேண்டும். சாதாரண ஸ்குரூ டிரைவர் உதவாது. திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தேன். முன்பக்கச் சின்ன மூடிக்கு அடியில் இருக்கும் மெமரி பேக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். அது சரியாக உட்காராவிட்டால் கருவி உயிர்பெறவே செய்யாது.

கடை டிவியில் போட்டேன். படம் வந்தது, குரல் வந்தது, சார்ஜ் வந்தார். ஓடவில்லை. அது புரிந்தது, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தவுடனேயே, கட்டைவிரலால் சாய்த்து ஆளை நடத்தும் ஸ்டிக் ஆடியது. ஆனால் "யாரு நம்ம ஆளுன்னு தெரியல" என்ற குறை மட்டும் என் மேசையில் பிடிபடவே இல்லை. எதிரிகள் பளிச்சென்று இளம்பழுப்பாக நிற்கிறார்கள். எதைச் சொல்கிறான் இவன்?

மேசையில் பிடிபடாத குறையை இல்லாத குறை என்று எழுதி அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. வாடிக்கையாளர் சின்னப் பையன் என்றால் இன்னும் சுலபம். நான் அதைச் செய்ய விரும்பவில்லை. கருவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்; பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எனக்கு முன்னால் விளையாடிக் காட்டு என்றேன்.

வந்தான். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து சுவிட்சைப் போட்டேன். விளையாட ஆரம்பிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இது பச்சையா இருக்கு."

"ஆமா, பச்சைப் படைதானே?"

"எங்க வீட்ல இப்படி இல்லண்ணே."

"எப்படி இருக்கும்?"

"எல்லாமே சாம்பலா இருக்கும். பழைய சண்டைப் படம் மாதிரியே எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்."

பச்சைக்கும் பழுப்புக்கும் நடக்கும் போரை அந்தப் பிள்ளைகள் இத்தனை நாளும் கறுப்பு வெள்ளையில் ஆடியிருக்கிறார்கள். அது விளையாட்டின் அழகு என்றே எடுத்துக்கொண்டு, யாரைச் சுடுவது என்று தெரியாமல் திணறி, அந்தத் திணறலோடும் கிட்டத்தட்டப் பாதி லெவல்களைத் தாண்டியும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் மரியாதையே வந்துவிட்டது.

ஏன் சாம்பல்?

நம் நாட்டுக் கலர் ஒளிபரப்பு 1982-இல் வந்தது, முறை பிஏஎல். படத்துக்கு 625 வரி, நொடிக்கு 50 புலம் (ஒன்று விட்டு ஒரு வரியாக வரையும் பாதிப் படம்தான் புலம்). அமெரிக்க முறை என்டிஎஸ்சி. 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 60 புலம். அமெரிக்க நின்டெண்டோ தருவது இந்த இரண்டாவது வகை சிக்னல்.

இரண்டு முறையிலும் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக அடைத்து அனுப்பப்படுகின்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்த காலத்தில், அவையும் புதிய ஒளிபரப்பைக் காட்ட வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. அடிப்படைப் படம் வெளிச்சம் மட்டும். அதன் மேல் ஓர் உப அலையில் நிறம் ஏறி வரும். அந்த அலையின் அலைவரிசை பிஏஎல்-இல் 4.43 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க முறையில் 3.58. பிஏஎல்-இல் மட்டும் நிற்கும் டிவி 4.43-இல் நிறத்தைத் தேடும். கிடைக்காவிட்டால் தப்பு நிறம் காட்டுவதற்குப் பதில் நிறத்தையே அணைத்துவிடும். அதற்கென்று டிவிக்குள் ஒரு சுற்று இருக்கிறது. படம் நிலையாக, தெளிவாக, கறுப்பு வெள்ளையில் வரும். பார்ப்பவருக்கு எதுவும் கெட்டுப்போனதாகவே தோன்றாது. அந்த வீட்டு டிவியில் சன் டிவி கலரில் வருகிறது. அப்புறம் டிவியை யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்தது, பச்சையும் பழுப்பும் சாம்பலில் எப்படிக் கலக்கின்றன என்பது. கறுப்பு வெள்ளையாகும்போது சிவப்பின் 30 சதவீதம், பச்சையின் 59 சதவீதம், நீலத்தின் 11 சதவீதம் சேர்ந்து ஒரே வெளிச்ச அளவாகிறது. சிப்பாய்ப் பச்சை கொஞ்சம் இருண்ட சாம்பலாகும். பழுப்பு வெளிறிய சாம்பலாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் போர்க்களத்தில் யார் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்? நிழலில் நிற்கும் பழுப்பனும் வெயிலில் நிற்கும் பச்சையனும் ஒரே சாம்பல் ஆகிவிடுவார்கள். நீலப் படை உளவாளிகள் வரும் லெவல் ஒன்று இருக்கிறது. நீலத்துக்கு வெளிச்சத்தில் பங்கு மிகக் குறைவு என்பதால் அவர்களும் இருண்ட சாம்பல்தான். பச்சைக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரிவார்கள்.

பனி லெவல் இதில் உச்சம். தரை வெள்ளை. தூரத்தில் இருப்பதை நின்டெண்டோ 64 விளையாட்டுகள் பல மூட்டம் போட்டு மறைப்பதுபோல இதுவும் மறைக்கிறது. அந்த வெள்ளை மூட்டத்துக்குள் வெளிர்சாம்பல் சிப்பாய் ஒருவன் நின்றால், அவன் துப்பாக்கி வெடிக்கும் வரை அவன் இருப்பதே தெரியாது.

சந்தேகத்தை உறுதிசெய்ய அந்த நோட்டு உதவியது. பாஸ்வேர்டுகள் எல்லாம் உயிரெழுத்து இல்லாத ஆங்கில எழுத்து வரிசைகள். பனி லெவலுக்கு பி, எல், இசட், இசட், ஆர், டி. சமையலறைக்கு பி, டி, எஸ், பி, என், எஸ். இவற்றைக் கொடுத்தால் முந்தைய லெவல்களை ஆடாமல் நேரே அங்கே போய்விடலாம். கடை டிவியில் பனி லெவலுக்குப் போய், முதலில் கலரில் பையனை ஆடச் சொன்னேன். பின்னர் டிவியின் கலர் அளவை ரிமோட்டில் பூஜ்யத்துக்கு இறக்கி அதே இடத்தை ஆடச் சொன்னேன். கலரில் எதிரியைச் சுடுபடும் முன்பே பார்த்தான். கலர் இல்லாமல், எதிரி எங்கே நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியும்போதே தேடினான். நிரூபணத்துக்கு இதைவிட வேறு வேண்டியதில்லை.

வில்பட்டியில்

ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து திரும்பும் கூட்டத்தோடு பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருபத்தோரு அங்குலப் படக்குழாய் டிவி, நன்றாகத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ரிமோட் எப்போதோ தொலைந்துபோய், கடையில் வாங்கிய பொது ரிமோட் இருந்தது. அதில் மெனு வரவில்லை. டிவியின் முகப்புப் பட்டனில் மெனுவைப் பிடித்துப் போனால் 'கலர் சிஸ்டம்' என்று ஒரு வரி. அது பிஏஎல்-இல் நிலையாக வைக்கப்பட்டிருந்தது. சிக்னல் பலவீனமான இடங்களில் இதை ஆட்டோவில் விட்டால் நிறம் வந்து வந்து போகும். அதனால் நிலையாக வைத்துவிடுவது வழக்கம். வைத்தவர் மேல் குற்றம் இல்லை. அந்த வீட்டு டிவி 3.58-ஐயும் அறியும் வகை. ஏவி உள்ளீட்டில் மட்டும் ஆட்டோவுக்கு மாற்றினேன்.

திரையில் புல் பச்சையானது. தங்கச்சி, நாலாம் வகுப்பு, அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவையும் பாட்டியையும் கூட்டிவந்தாள்.

இந்த நிறக் குறைக்குச் செலவு எதுவும் இல்லை. பாகம் எதுவும் மாற்றவில்லை. பிஏஎல் மட்டுமே அறிந்த டிவியாக இருந்திருந்தால் இடையில் ஒரு மாற்றிக் கருவியோ, இப்போதைய எல்சிடி டிவியோ தேவைப்பட்டிருக்கும்.

ஓடாத சார்ஜ்

ஸ்டிக் விஷயம் நுணுக்கமானது, நின்டெண்டோ 64 வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு நாள் வருவது.

இந்த ஸ்டிக்கின் உள்ளே இப்போதைய கன்ட்ரோலர்களில் இருப்பதுபோன்ற மின்தடை கிடையாது. இரண்டு சின்னப் பல்சக்கரங்கள், அவற்றில் வெட்டுத் துளைகள், ஒருபுறம் ஒளி, மறுபுறம் ஒளியுணரி. ஸ்டிக் சாயும்போது சக்கரம் சுற்றும். எத்தனை துளை கடந்தது என்று எண்ணி, எவ்வளவு சாய்ந்தது என்று கருவிக்குச் சொல்லும். இதனால் இரண்டு விளைவுகள்.

முதலாவது, ஸ்டிக்குக்கு நடு எது என்று தானாகத் தெரியாது. சுவிட்சைப் போடும் நொடியில் எங்கே நிற்கிறதோ அதையே நடு என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணும். "தொடாமலே சுத்துறாரு" என்ற குறைக்கு விடை இங்கே இருந்தது. தங்கச்சி ஆட்டத்துக்கு அவசரப்பட்டு, கட்டைவிரலை ஸ்டிக்கின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டே அண்ணனைச் சுவிட்ச் போடச் சொல்லுவாள். சாய்ந்த இடம் நடுவாகப் பதிந்துவிடும். விரலை எடுத்ததும் சார்ஜ் எதிர்ப்பக்கம் திரும்ப ஆரம்பிப்பார். விரலை எடுத்துவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நடு புதிதாகப் பதியும். சொல்லிக்கொடுத்தேன். மூன்று பட்டன்களை அழுத்தும் அந்த வித்தையை அவள்தான் உடனே பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது, தேய்மானம். ஸ்டிக்கின் அடிநுனி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசிக்கொண்டே திரும்புகிறது. வருடக்கணக்கில் உரசினால் இரண்டும் அரைபட்டு வெள்ளைப் பொடி உதிரும். கிண்ணம் குழிந்ததும் ஸ்டிக் தாழும், ஆடும், முழுக்கச் சாய்த்தாலும் சக்கரம் முழுத் தூரம் சுற்றாது. கொஞ்சம் சாய்த்தால் நடை, முழுக்கச் சாய்த்தால் ஓட்டம் என்றிருக்கும் விளையாட்டில், தேய்ந்த ஸ்டிக் எவ்வளவு தள்ளினாலும் நடையிலேயே நிற்கும். சார்ஜ் நடந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். எதிரியின் குண்டு ஓடுகிறது, நம் ஆள் நடக்கிறார். பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்ததில் வியப்பில்லை.

ஸ்டிக்கை வெறித்தனமாகச் சுழற்ற வேண்டிய விளையாட்டுகளும் அந்தக் காலத்தில் இருந்தன. 'மரியோ பார்ட்டி'யில் உள்ளங்கையை வைத்துச் சுழற்றிப் பிள்ளைகளின் கை புண்ணாகி, நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2000-இல் நின்டெண்டோ கையுறை கொடுக்க முன்வந்தது. இந்தக் கன்ட்ரோலரின் கிண்ணம் வட்டமாகக் குழிந்திருந்த விதத்தைப் பார்த்தால், பழைய சொந்தக்காரப் பிள்ளைகளும் அப்படி ஏதோ சுழற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு கன்ட்ரோலரையும் பிரித்தேன். பொடியைத் தூரிகையால் தட்டி எடுத்து, ஒளியுணரிகளைத் துடைத்தேன். புதிய கிண்ணமும் பல்சக்கரமும் கொண்ட மாற்றுப் பாகம் ஒரு கன்ட்ரோலருக்கு மட்டும் பெங்களூரிலிருந்து வரவழைத்து மாட்டினேன். உரசும் இடத்தில் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் துளியளவு. மற்ற கன்ட்ரோலரைச் சுத்தம் மட்டும் செய்து மூடினேன். நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு வேகம் அதில் கிடைத்தது. சைக்கிளுக்குப் போடும் எண்ணெயையோ கதவுக் கீலுக்குப் போடும் ஸ்பிரேயையோ தயவுசெய்து இதில் விடாதீர்கள். பிளாஸ்டிக் வெடிக்கும், தூசி பசையாகும்.

விளையாட்டின் கணக்கில் மிஞ்சியது

எல்லாம் சரியான பிறகு பையனை மறுபடி குறை சொல்லச் சொன்னேன். இப்போது அவன் சொன்னவை வேறு வகை. சுவர் ஓரமாக நின்றால் கேமரா மாட்டிக்கொண்டு சார்ஜின் முதுகை மட்டும் காட்டுகிறது. சட்டென்று திரும்ப முடியவில்லை, வண்டி திருப்புகிற மாதிரி திருப்ப வேண்டியிருக்கிறது. குறி சில நேரம் பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டுத் தள்ளி நிற்பவனைப் பிடிக்கிறது.

இவை மூன்றும் விளையாட்டுடைய குறைகள். எந்த டிவியில் போட்டாலும், எவ்வளவு புது ஸ்டிக் மாட்டினாலும் இருக்கும். விளையாட்டு வந்த காலத்திலேயே விமர்சகர்கள் கேமராவைக் குறைசொன்னார்கள். மதிப்பெண்கள் நடுத்தரமாகத்தான் இருந்தன. ஒற்றை ஸ்டிக்கை வைத்துக்கொண்டு நடப்பதையும் குறிவைப்பதையும் கேமராவையும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய காலம் அது. இரண்டு ஸ்டிக் பிடித்து ஆடிப் பழகிய இன்றைய கைக்கு அது கடினமாகவே இருக்கும்.

நிறுவனத்தின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸ் 1991-இல் தொடங்கியது 3டிஓ. அவர்களுடைய சொந்த விளையாட்டுக் கருவி 1993-இல் 699 டாலருக்கு வந்து எடுபடாமல் போனது. பின்னர் மென்பொருளுக்கு மாறி, 1998-இல் 'ஆர்மி மென்' வரிசையைக் கணினியில் ஆரம்பித்தார்கள். அது விற்றதும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார்கள். சில வருடங்களுக்குள் ஒரு டஜனுக்கும் மேல். 'சார்ஜஸ் ஹீரோஸ்' 2000-இல் பிளேஸ்டேஷன், டிரீம்காஸ்ட் என்ற மற்ற விளையாட்டுக் கருவிகளுக்கும் போனது. அதே வருடம் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. கேமராவை உட்கார்ந்து செப்பனிட அந்த வேகத்தில் நேரம் கிடைத்திருக்காது என்பது என் ஊகம். 2003 மே மாதம் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் மதிப்பீடு இதுதான்: 'சார்ஜஸ் ஹீரோஸ்' நல்ல எண்ணம் கொண்ட, அவசரத்தில் முடித்த விளையாட்டு. மட்டமான விளையாட்டு அல்ல. அதன் சமையலறையும் வரவேற்பறையும் யோசித்துச் செய்தவை. பிள்ளைகளும் அதைக் கண்டுகொண்டார்கள். சமையலறை லெவலைப் போட்டபோது பாட்டி கிட்டே வந்து உட்கார்ந்து, அந்த உயரமான மேடையையும் அடுப்பையும் பார்த்து, "அந்த வீட்டு அடுப்படி மாதிரியே இருக்குல்ல" என்றார். எந்த மேடைக்கு அடியில் என்ன இருக்கும் என்று பேரனுக்குச் சொல்லவும் ஆரம்பித்தார். அவர் அப்படியொரு அடுப்படியில் எத்தனையோ வருடம் நின்றவர். பேரப்பிள்ளைகளுக்கு அது அன்றுதான் தெரியவந்தது.

பின்தொடர்ந்து பார்த்தது

கொஞ்ச நாள் கழித்து நாயுடுபுரம் பக்கம் பாட்டியைப் பார்த்தேன். பையன் பனி லெவலைத் தாண்டிக் கோட்டை வரை போய்விட்டானாம். தங்கச்சிக்கு நேரே சமையலறைக்குப் போவதுதான் விருப்பம். நோட்டில் இருக்கும் எழுத்துகளை மனப்பாடமாக்கிவிட்டாள். சண்டை இப்போது வேறு காரணத்துக்கு: புதுப் பாகம் மாட்டிய கன்ட்ரோலர் யாருக்கு என்பதற்கு. மற்றதற்கும் ஒரு ஜோடி சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாட்டித் தர வேண்டும்.

அடாப்டரின் தட்டைப் பின்னையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து டேப் சுற்றி, "சுவரில் நேராகச் செருகாதே" என்று சிவப்பில் எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தேன். டேப் அப்படியே இருக்கிறது என்றார் பாட்டி. கேசட்டை ஊதுவதையும் பையன் விட்டுவிட்டானாம். மழைக்காலம் முழுக்க அதை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள்.